சொந்தக் காலில் நிற்கும் மருத்துவம்: வெளிநிதி பற்றிய வாதங்களும் வடசென்னையின் சான்றுகளும்

ஒரு நாட்டின் பொது மருத்துவம் சொந்தக் காலில் நிற்க வெளியார் தரும் நிதி உதவுமா, எந்நாளும் கையேந்த வைக்குமா என்ற கேள்வி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த உதவித் திட்டங்கள் எல்லாவற்றையும் தொடர்ந்து வந்திருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் யுஎஸ்எய்டு அமைப்பு, உதவி பெறும் நாடுகளைத் தற்சார்பை நோக்கி நடத்துவதே தன் கொள்கை என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் அந்த நாட்டின் வெளிநாட்டு உதவிகள் திடீரென நிறுத்திவைக்கப்பட்டன. ஜூலையில் அந்த அமைப்பே செயல்பாட்டை முடித்துக்கொண்டது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் எச்.ஐ.வி. மருந்து வழங்கும் மையங்கள் தடுமாறின. கருத்தரங்குகளில் பேசப்பட்டுவந்த கேள்வி, மாத்திரைக்காக வரிசையில் நிற்பவரின் கேள்வியானது.

இந்தியாவில் அந்த அதிர்ச்சி பரவலாக உணரப்படவில்லை. ஹைதராபாத், புனே, கல்யாண் ஆகிய இடங்களில் திருநர்களுக்காக இயங்கிய மித்ர் கிளினிக்குகள் மூடப்பட்டது போன்ற சில இழப்புகள் நேர்ந்தன. ஆனால் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் வெளிநாட்டு நிதியின் பங்கு 1 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இந்த நிலை தானாக வந்ததன்று. காசநோய், மலேரியா, எச்.ஐ.வி., தடுப்பூசி என ஒவ்வொன்றிலும் வெளிநிதி வந்து, வேலை செய்து, விலகிய வரலாறு இருக்கிறது. அதை நெருங்கிப் பார்க்க வடசென்னை ஏற்ற இடம். இராயபுரம் முதல் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி வழியாக எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்சாலை வட்டாரத்தில் தர்மம், மிஷன் பணம், பன்னாட்டு மானியம், உலக வங்கிக் கடன், தொழிலாளர் சந்தா, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என எல்லா வகைப் பணமும் மருத்துவத்துக்காக வந்திருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு தெளிவு தேவை. திருப்பித் தர வேண்டாத மானியம், குறைந்த வட்டிக் கடன், ஒரே நாட்டுக்குள் மேல் அரசு கீழ் அரசுக்குப் பகிரும் நிதி ஆகிய மூன்றும் விவாதங்களில் அடிக்கடி ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. தற்சார்பு என்பதும் ஒரே பொருளில் பேசப்படுவதில்லை. பணத்தில் தற்சார்பு, ஆட்களில் தற்சார்பு, முடிவெடுப்பதில் தற்சார்பு ஆகியவை தனித்தனியானவை. ஒன்று வந்துவிட்டால் மற்றவையும் வந்துவிடும் என்பதற்கு உறுதி இல்லை.

தர்மமும் மிஷன் பணமும்

ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் முதியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782இல், ஹைதர் அலியுடனான போரை ஒட்டிய பஞ்சத்தின்போது, ஊர் மணியக்காரர் ஒருவர் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம் ஆனது. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அதன் அருகே உள்ளூர் மக்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் அரசு அதை ஏற்று நடத்தியது. 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி உருவானது. அதனுடன் இணைந்து இராயபுரத்தில் இயங்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, ராஜா சர் சவலை இராமசாமி முதலியாரின் கொடையில் பிறந்தது.

இதே இராயபுரத்தில் ரெய்னி மருத்துவமனை வேறு வழியில் வளர்ந்தது. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த மருத்துவர் மெடில்டா மக்ஃபெயில் 1888இல் சென்னைக்கு வந்து பெண்களுக்கெனச் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய பணி, 1914இல் இராயபுரத்தில் மருத்துவமனையாக நிலைபெற்றது. அது இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பில், பெரும்பாலும் நோயாளிகள் செலுத்தும் கட்டணத்தில் இயங்குகிறது.

கொடையால் பிறந்த இந்த நிறுவனங்கள் ஏன் பிழைத்தன என்பது கவனிக்கத்தக்கது. முதல் இரண்டிலும் கட்டடத்தைத் தந்தவர் ஒருவர். ஆண்டுதோறும் மருத்துவர், தாதி, சமையலாள், துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் சம்பளத்தைச் சுமந்தது அரசு. மூன்றாவதில் அந்தச் சுமை கட்டணமாக நோயாளியின் தலையில் ஏறியது. பிற்காலப் பன்னாட்டுத் திட்டங்களை அலசும்போதும் இந்த வேறுபாடே திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறது.

முதல் உந்துதல் வேண்டும் என்னும் வாதம்

வெளிநிதியை ஆதரிப்பவர்களின் வாதம் எளிமையானது. ஏழை நாட்டில் நோய் வறுமையை வளர்க்கிறது, வறுமை நோயை வளர்க்கிறது; இந்தச் சுழலை உடைக்கப் பெரிய தொகை ஒன்று வெளியிலிருந்து வர வேண்டும், உடைந்த பிறகு நாடு தானே நடக்கும். ஜெஃப்ரி சாக்ஸ் தலைமையில் உலக சுகாதார அமைப்பு அமைத்த பேரியல் பொருளாதார, சுகாதார ஆணையம் 2001இல் தந்த அறிக்கை இந்தக் கருத்தை விரிவாக முன்வைத்தது. 2002இல் தொடங்கிய குளோபல் ஃபண்டும் 2003இல் தொடங்கிய அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டமான பெப்ஃபாரும் பெரிதும் இந்த நம்பிக்கையில் எழுந்தவை.

இந்த வாதத்துக்குச் சென்னையில் வலுவான சான்று ஒன்று உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அப்போது காசநோய்க்கு மருத்துவம் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, நல்ல உணவு, பல மாதப் படுக்கை ஓய்வு. சென்னையின் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து வந்த நோயாளிகள் எல்லோருக்கும் அத்தனை படுக்கைகளைக் கட்ட எந்த அரசாலும் முடிந்திருக்காது. மையம் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில் சேர்ந்தனர். மறுபகுதியினர் தங்கள் வீட்டிலேயே இருந்து ஓராண்டு மாத்திரை சாப்பிட்டனர். வீட்டில் இருந்தவர்களின் உணவு மோசமானது, வேலைக்கும் போனார்கள், ஒரே அறையில் குடும்பத்தோடு படுத்தார்கள். ஆனாலும் குணமானோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கூட இருந்த குடும்பத்தினருக்கும் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. 1959இல் இந்த முடிவு வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், வாரம் இருமுறை பணியாளரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் இதே மையம் சோதித்துக் காட்டியது. பிற்காலத்தில் டாட்ஸ் என்று அறியப்பட்ட முறைக்கு அதுவும் ஒரு வேர்.

இங்கே வெளிநிதி விட்டுச்சென்றது என்ன? அறிவும் ஆட்களும். உலக சுகாதார அமைப்பின் மருத்துவர்கள் சில ஆண்டுகளில் விலகினார்கள்; இந்திய ஆராய்ச்சியாளர்களும் புள்ளியியலாளர்களும் வீடு வீடாகச் சென்ற செவிலியர்களும் மையத்தைத் தொடர்ந்தார்கள். அது இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1999இல் திருவள்ளூர் மாவட்டத்தில் டாட்ஸ் முறையை அளந்து பார்த்த மாதிரித் திட்டத்தையும் இவர்களே நடத்தினார்கள். அதற்கு யுஎஸ்எய்டு நிதியும் கிடைத்தது. சம்பளப் பட்டியல் தொடக்கத்திலேயே இந்திய நிறுவனம் ஒன்றின் பொறுப்புக்குள் வந்ததால், வெளியார் விலகியபோது வேலை நிற்கவில்லை என்று கருத இடமுண்டு.

இந்த வாதத்தின் பலவீனம், இத்தகைய வெற்றிகளைப் பொதுவிதியாக்குவதில் இருக்கிறது. 1956இன் மையம் ஒரு கேள்விக்கு விடை தேடியது. மாவட்டம் மாவட்டமாக மருந்து கொடுப்பது வேறு வேலை. அந்த வேலையில் இந்தியா நெடுநாள் பின்தங்கியது. 1997இல் உலக வங்கியின் 14 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடன் வந்த பிறகே திருத்தியமைக்கப்பட்ட காசநோய்த் திட்டம் நாடெங்கும் விரிந்தது. தங்கள் நகரில் தங்கள் மக்களின் உடலில் கண்டறிந்த முறையை நாடு முழுக்க கொண்டுபோக 40 ஆண்டுகள் ஆனது வருந்தத்தக்கது.

சார்பை வளர்க்கும் என்னும் வாதம்

எதிர்த்தரப்பில் இரண்டு ஓட்டங்கள் உள்ளன. வில்லியம் ஈஸ்டர்லி, டம்பிசா மோயோ போன்ற பொருளியலாளர்கள், உதவிப் பணம் ஆட்சியாளர்களைத் தம் மக்களுக்குப் பதில் சொல்வதிலிருந்து விடுவிக்கிறது என்றனர்; மோயோவின் 2009ஆம் ஆண்டு நூல் ஆப்பிரிக்காவை முன்வைத்து இதை வாதிட்டது. இன்னொரு ஓட்டம் பொது சுகாதாரத் துறைக்குள்ளிருந்தே வந்தது. 1978இன் அல்மா ஆட்டா பிரகடனம் முழுமையான ஆரம்ப சுகாதாரத்தைக் கேட்டது. கொடையாளர்களோ அளந்து காட்டக்கூடிய தனி நோய்த் திட்டங்களையே விரும்பினர். ஒரு நோய்க்கான பணம் அந்த நோயோடு போய்விடும், சுகாதார நிலையத்தை வளர்க்காது என்பது இவர்களின் குறை.

புள்ளிவிவரச் சான்றும் வந்தது. 2010இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வு, அரசுகளுக்குத் தரப்படும் ஒவ்வொரு டாலர் மருத்துவ உதவிக்கும் அந்த அரசுகள் தம் சொந்த மருத்துவச் செலவை 0.43 முதல் 1.14 டாலர் வரை குறைத்துக்கொண்டன என்று கணித்தது. கணக்கிட்ட முறை பற்றி அப்போதே கேள்விகள் எழுந்தன. ஆயினும், வெளிப்பணம் வந்தால் உள்பணம் ஒதுங்கும் என்ற ஐயத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

இந்தியாவில் இந்த வாதத்துக்கு உரைகல் மலேரியா. 1953இல் தொடங்கி 1958இல் ஒழிப்புத் திட்டமாக மாறிய முயற்சிக்கு அமெரிக்க உதவியும் டி.டி.டி. பூச்சிக்கொல்லியும் பெருமளவில் வந்தன. 1965 அளவில் நாட்டின் மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1 லட்சமாகச் சுருங்கியது. 1976இல் அது 64 லட்சத்தைத் தாண்டியது. உதவி குறைந்ததும் பூச்சிக்கொல்லிக்குத் தட்டுப்பாடு வந்ததும் காரணங்களுள் அடங்கும். கொசுவின் எதிர்ப்புத்திறன், கண்காணிப்பைத் தொடர வேண்டிய அடிப்படைச் சுகாதார நிலையங்கள் பல இடங்களில் இல்லாமை, நகரங்களைத் திட்டம் கண்டுகொள்ளாமை ஆகியவையும் காரணங்கள்.

கடைசிக் காரணம் வடசென்னைக்கு நேரடியானது. நகர மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசு, வயலிலும் குட்டையிலும் அல்லாமல் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும். வீட்டுச் சுவரில் டி.டி.டி. தெளிக்கும் கிராமத்து முறை இங்கே பயன்படாது. தண்ணீர் நாள்விட்டு நாள் வரும் தெருக்களில் தொட்டி, டிரம், சிண்டெக்ஸ் எல்லாவற்றிலும் நீர் சேமிக்கப்படும். மூடி உடைந்த ஒரு தொட்டி போதும். 1971இல் நகர மலேரியாத் திட்டம் வந்த பிறகு, மாநகராட்சிப் பணியாளர்கள் ஏணி வைத்து மாடி ஏறித் தொட்டிகளைத் திறந்து பார்ப்பதும், கிணறுகளில் கம்பூசியா மீன் விடுவதும், காய்ச்சல் கண்டவர்களின் விரல்நுனியில் ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி ஆய்வகத்துக்கு அனுப்புவதும் வழக்கமாயின. தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது. நகருக்குள் இராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதிகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அது இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. அதைச் சாதித்ததில் பெரும்பங்கு, கொடையாளர் எவரும் விரும்பிப் படம் எடுத்துக்கொள்ளாத அன்றாட மாநகராட்சி வேலைக்கே சேரும்.

கைமாற்றிக் கொடுத்தல்: எச்.ஐ.வி. தரும் சான்று

மூன்றாவது நிலைப்பாடு நடுவழியானது. நிதி வருவது தவறில்லை, எப்படி விலகுகிறது என்பதே கேள்வி என்று அது சொல்கிறது. இதற்கு உலகிலேயே அதிகம் ஆராயப்பட்ட களங்களுள் ஒன்று தென்னிந்தியா.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரால் கண்டறியப்பட்டன. 1992இல் உலக வங்கியின் 8.4 கோடி டாலர் கடனுடன் தேசியத் திட்டம் தொடங்கியது. 1994இல் தமிழ்நாடு, திட்டத்தை நடத்தத் தனிச் சங்கம் அமைத்தது. டான்சாக்ஸ் என்ற அந்த அமைப்பு பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. 1995இல் யுஎஸ்எய்டு மானியத்தில் அடையாறு வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் வழியாக ஏபேக் திட்டம் தொடங்கியது. லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரிடையே சிறு தொண்டு நிறுவனங்கள் மூலம் வேலை செய்வது அதன் வழி. துறைமுகத்தில் சரக்கு இறக்க நாள்கணக்கில் காத்திருக்கும் லாரிகளின் ஊரான வடசென்னைக்கு அந்த அணுகுமுறையின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். 2003இல் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆவஹான் திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் இறங்கியது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 33.8 கோடி டாலர் செலவிட்டது.

ஆவஹானின் சிறப்பு, விலகலை முன்கூட்டியே எழுதி வைத்ததில் இருக்கிறது. 2009 முதல் 2013 வரை கட்டம் கட்டமாகப் பணிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. ஒப்படைப்பைப் பின்தொடர்ந்த ஆய்வுகளின்படி, பெரும்பாலான இடங்களில் சேவைகள் தொடர்ந்தன. முன்கூட்டி அரசின் விதிகளுக்கும் சம்பள அளவுக்கும் தங்களைப் பொருத்திக்கொண்ட அமைப்புகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. குறைகளும் பதிவாகின: அரசு நிதி தாமதமாக வந்தது, ஆணுறை போன்ற பொருள்களின் வரத்து சீராக இல்லை, களத்துக்கேற்ப வேலையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் குறைந்தது. சேவை பெறும் அதே சமுதாயத்திலிருந்து வந்து வேலை செய்த சகப் பணியாளர்களின் ஊதியம் எப்போதும் நலிவாகவே இருந்தது.

தாம்பரம் உட்பட நாட்டின் எட்டு மையங்களில் 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இலவசக் கூட்டுமருந்து சிகிச்சை இன்று அரசு மருத்துவமனைகளின் வழக்கமான பணி. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத் தேசியத் திட்டத்துக்கு 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கி, அதை முழுக்க முழுக்க மத்திய அரசின் சொந்த நிதித் திட்டமாக அறிவித்தார்கள். 1992இல் கடனில் தொடங்கியது 30 ஆண்டுகளில் இங்கே வந்து சேர்ந்தது. தடுப்பூசியிலும் இதே பாதைதான்: ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் காவி என்ற பன்னாட்டுத் தடுப்பூசிக் கூட்டமைப்பின் உதவியுடன் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அறிமுகமானது, 2020இல் அதே காவிக்கு இந்தியா 1.5 கோடி டாலர் தர உறுதியளித்தது.

ஆனால் கைமாற்றத்தில் சாதித்ததை உள்நாட்டு முடிவுகளே கெடுத்துவிடவும் முடியும். உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் ஆகியவற்றின் துணையோடு 1948இல் கிண்டியில் நிறுவப்பட்ட பிசிஜி ஆய்வகம் பல பத்தாண்டுகள் நாட்டுக்கே காசநோய்த் தடுப்பூசி தந்தது. அதில் மறுமுதலீடு செய்யாமல் விட்டார்கள். தரவிதிகளை நிறைவு செய்யவில்லை என்று 2008இல் குன்னூர், கசௌலி நிறுவனங்களுடன் அதன் உரிமமும் நிறுத்தப்பட்டது. 2010இல் அந்த ஆணை விலக்கப்பட்டாலும் இடையில் நாடு தனியாரிடமே தடுப்பூசி வாங்கியது.

கடனும் கட்டணமும்

1980களில் இன்னொரு விடையும் வலுவாக ஒலித்தது: நோயாளியிடமே கட்டணம் வாங்கினால் மருத்துவமனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். 1987இல் உலக வங்கியின் கொள்கை அறிக்கை இதைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆப்பிரிக்காவில் பமாகோ முயற்சி தொடங்கியது. கட்டணம் விதித்த இடங்களில் ஏழைகள் மருத்துவமனைக்கு வருவதைக் குறைத்தனர் என்ற சான்றுகள் குவிந்தபின் பல நாடுகள் பின்வாங்கின. தமிழ்நாடு அரசு மருத்துவமனைகள் அடிப்படைச் சிகிச்சையை இலவசமாகவே வைத்திருந்தன. இது சரியான முடிவு என்பதில் இன்று பெரிய கருத்துவேறுபாடு இல்லை.

கடன் வேறு கதை. 1988இல் தொடங்கிய உலக வங்கியின் ஐந்தாவது இந்திய மக்கள்தொகைத் திட்டம் சென்னைக்கும் மும்பைக்கும் ஆனது. மாநகராட்சியின் ‘ஹெல்த் போஸ்ட்’ என்று வடசென்னைத் தாய்மார்கள் அறிந்திருந்த சிறு மையங்கள் அந்தக் காலத்தவை. குடும்பக் கட்டுப்பாட்டை மையமாகக் கொண்ட அந்த ஏற்பாட்டில் காய்ச்சலுக்கோ சர்க்கரை நோய்க்கோ இடம் குறைவு. 2013க்குப் பின் தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் கீழ் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பு வந்தது. 2004 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்துக்கு உலக வங்கி 11 கோடி டாலருக்கு மேல் கடன் தந்தது. தொற்றா நோய்க் கண்டறிதல் போன்ற பணிகள் சில மாவட்டங்களில் சோதிக்கப்பட்டு, பின் மாநிலச் செலவில் விரிந்தன. 2019இன் அடுத்த கடன் 28.7 கோடி டாலர். அதில் ஒப்புக்கொண்ட விளைவுகள் எட்டப்பட்ட பிறகே பணம் விடுவிக்கப்படும். திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்பதால் நிதித்துறை கவனமாகச் செலவிடும் என்ற கருத்து உண்டு. மறுபுறம், எந்த விளைவு அளக்கப்பட வேண்டும் என்பதில் கடன் தருபவரின் குரல் ஓங்குகிறது.

பாஸ்புக்கும் சந்தாவும்

உள்ளிருந்தே தற்சார்பு வளர்ந்ததற்குத் தமிழ்நாட்டின் தெளிவான எடுத்துக்காட்டு, 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அவசிய மருந்துகளின் பட்டியலை வரையறுத்து, திறந்த ஒப்பந்தப்புள்ளி வழியாக மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பின்னரே அனுப்புவது அதன் முறை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டு ஒதுக்கீடு அதில் வரவாக எழுதப்படும். எடுத்த மருந்தின் மதிப்பு கழிக்கப்படும். மீதி எவ்வளவு என்று மருந்தாளுநருக்கு எப்போதும் தெரியும். எந்த மருந்து தேவை என்பதைக் கீழே இருப்பவர் முடிவு செய்கிறார், விலையை மேலே இருப்பவர் பேரம் பேசுகிறார். பெரிய மானியம் எதற்கும் காத்திராமல் நிர்வாக ஒழுங்கினால் கிடைத்த பயன் இது. ராஜஸ்தான், கேரளம் உட்படப் பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. இதன் அருமை 2024 மார்ச்சில் வேறு வகையில் புலப்பட்டது: மத்திய கொள்முதலில் காசநோய் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. கொள்முதல் அமைப்பு வலுவாக இருந்த மாநிலங்களால்தான் அந்தச் சொல்லை நிறைவேற்ற முடியும்.

தொழிற்சாலை வட்டாரத்துக்கே உரிய இன்னொரு வடிவம், தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அது, தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சந்தாவில் நடக்கிறது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. கொடையும் கடனும் இல்லாத ஏற்பாடு என்ற அளவில் இதுவே தற்சார்பின் முழு வடிவம் எனலாம். ஆனால் அதன் வேலி பதிவேட்டில் பெயர் உள்ளவர்களோடு நின்றுவிடுகிறது. காசிமேட்டில் மீன் பிரிக்கும் பெண்ணும், எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் பிடிப்பவரும், ஒப்பந்ததாரரின் கணக்கில் ஏறாத கூலியாளும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டினாலும் வெளியேற வேண்டும்.

நாடு நிற்கிறது, வட்டாரம் நிற்கிறதா?

தற்சார்பு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நாட்டை ஓர் அலகாகக் கொள்கின்றன. வடசென்னை இந்த அளவுகோலின் குறையைக் காட்டுகிறது. இரண்டு துறைமுகங்கள், பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலைகள், அனல்மின் நிலையங்கள் ஆகியவற்றின் வழியாக இந்த வட்டாரம் நாட்டுக்கும் மாநிலத்துக்கும் பெரும் வருவாய் ஈட்டித் தருகிறது. 2022 மே 18 அன்று பொருளாதார நெருக்கடியில் தவித்த இலங்கைக்கு அரிசி, பால்பவுடர், மருந்து ஏற்றிய தமிழ்நாட்டின் முதல் நிவாரணக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. தமிழ்நாடு அறிவித்த மொத்த உதவியில் மருந்துகளின் மதிப்பு மட்டும் 28 கோடி ரூபாய். வரிப்பணத்தில் இலவச மருத்துவம் நடத்தி உலகம் மெச்சிய இலங்கை, மருந்துக்கு இறக்குமதியை நம்பியிருந்ததால் அந்நியச் செலாவணி தீர்ந்ததும் தடுமாறியது. பணத்தில் தற்சார்பு இருந்தும் பொருளில் இல்லாமற்போன நிலை அது.

உதவிக் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தின் பின்புறத்தில் வாழ்பவர்களின் மருத்துவத் தேவை என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படிந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மூச்சுத்திணறலோடு பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாள்பட்ட மூச்சுக்கோளாறுகளையும் தோல் நோய்களையும் தொடர்ந்து பதிவு செய்யும் ஏற்பாடு இங்கே எவருடைய திட்டத்திலும் மையமாக இல்லை. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்து, அதன் பிறகே சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இந்த இடைவெளியை நிரப்பும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். அதில் மருத்துவ முகாம்களும் கருவிகளும் ஆம்புலன்ஸ்களும் வருகின்றன. முகாம் ஒருநாள் நடக்கும். சர்க்கரை மாத்திரை மாதாமாதம் வேண்டும். மாசுபடுத்தியவர் ஈடு செய்ய வேண்டும் என்ற சட்டக் கடமையும், நன்கொடையாகத் தரும் சமூகப் பொறுப்பும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

விடை கிடைக்காதவை

கிடைக்கும் சான்றுகளை வைத்து எச்சரிக்கையோடு சில முடிவுகளுக்கு வரலாம். புதிய முறையைக் கண்டறியவும் நிரூபிக்கவும் வெளிநிதி நன்றாக உதவியிருக்கிறது. கட்டடங்களையும் கருவிகளையும் அது விட்டுச்செல்கிறது. பணியிடங்களை அது எளிதில் உருவாக்குகிறது, ஆனால் அரிதாகவே நிலைநிறுத்துகிறது. சம்பளம் அரசின் வழக்கமான வரவு செலவுத் திட்டத்தில் ஏறிய இடங்களில் மட்டுமே தற்சார்பு வந்ததாகத் தமிழ்நாட்டின் அனுபவம் சொல்கிறது. இதற்கும் ஒரு வரம்பு உண்டு. ஓரளவு வரி வருவாயும் பழைய பொது சுகாதாரத் துறையும் கொண்ட மாநிலத்தின் அனுபவத்தை, அரசு வருவாயே மெலிந்த நாடுகளுக்கு அப்படியே நீட்ட முடியாது.

எஞ்சும் கேள்விகள் பல. வெளிநாட்டு நிதி விலகியபின் அரசு அந்தச் சுமையை ஏற்றதா, குடும்பங்கள் ஏற்றனவா என்பது தெளிவாகப் பிரித்து அளக்கப்படவில்லை. 2021–22ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் சட்டைப்பையிலிருந்தே போகிறது. அரசின் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2017இன் தேசியச் சுகாதாரக் கொள்கை 2025க்குள் எட்டுவதாகச் சொன்ன அளவு 2.5 விழுக்காடு. கொடையாளரைச் சாராத ஒரு நாடு தன் ஏழைகளின் பணத்தைச் சார்ந்து நிற்குமானால் அதைத் தற்சார்பு என்று ஏற்பது கடினம்.

நாட்டுக்குள் நகரும் மானியத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். 15ஆவது நிதி ஆணையம் உள்ளாட்சிகளின் வழியாக மருத்துவத்துக்கென நாடெங்கும் 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அந்த நிதியில் தமிழ்நாட்டில் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றில் 500 மையங்கள் 2023 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும் நேரம், கூலி வேலைக்குப் போய் வருபவரை நினைத்து அமைத்தது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் என்ற சிறிய அமைப்பு அது. அந்த மானியம் 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கானது. இந்த நால்வரின் பணியிடங்களை மாநில அரசும் மாநகராட்சியும் தங்கள் நிரந்தரப் பணியிடப் பட்டியலில் சேர்க்க வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர் போன்ற தொழிற்சாலை வட்டாரங்களில் மூச்சுநோய்ப் பதிவேட்டையும் அவர்களின் அன்றாடப் பணியாக்க வேண்டும்.